கிருபையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தால் சாதி, இனம் பார்ப்பது குறையுமா?

கேள்வி: சபையில் வாராவாரம் கிருபையைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் சாதி, இன மனப்பான்மை குறைகிறதா? உளவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எங்கள் இளையோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேட்பதால் மட்டும் குறைவதில்லை. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன், தமிழ்ச் சபைக்குப் போகிறவன், கவுன்சலிங் படித்தவன். அதனால் ஆய்வோடு எங்கள் ஊரையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. 1988-இல் வாட்சன், மோரிஸ், ஹூட் என்ற உளவியலாளர்கள் பாவ உணர்வையும் கிருபையையும் ஆராய்ந்தபோது, கிருபையை நம்பிப் பற்றிக்கொண்டவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. இதை நம்ப எனக்கு ஆய்வு தேவையில்லை. குடியை விட்டு, "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு" என்று சொல்லி, கூனிப்போன முதுகு நிமிர்ந்து நடந்த மாமாக்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. கிருபையை அளக்க பஃபோர்ட், சைஸ்மோர் போன்றவர்கள் அமெரிக்காவில் கேள்வித்தாள்களே செய்திருக்கிறார்கள். கடவுளிடம் பெறும் கிருபை, நமக்கு நாமே காட்டுவது, பிறரிடமிருந்து கிடைப்பது, பிறருக்குக் கொடுப்பது என்று அவற்றில் பல முகங்கள். நான் பார்த்தவரை, முதலாவதில் நூற்றுக்கு நூறு வாங்கும் பலர் கடைசியில் தேறமாட்டார்கள். அதிலும் மகளுக்கு வரன் பார்க்கும் வருஷத்தில் சுத்தமாகத் தேறமாட்டார்கள்.

இனவெறுப்பு பற்றிய ஆய்வு இதைவிடப் பழையது. 1967-இல் ஆல்போர்ட், ராஸ் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் தேவாலயத்துக்குப் போகும் 309 பேரை ஆராய்ந்தார்கள். அந்தஸ்து, ஆறுதல், சொந்தபந்தம் என்று வேறு லாபத்துக்காக மதத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் வெறுப்பு அதிகம். விசுவாசத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்களிடம் குறைவு. பிரசங்கிகளுக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010-இல் ஹால், மாட்ஸ், வுட் மூவரும் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மதக் குழுவோடு பிணைப்பு இறுக இறுக, வேறு இனத்தாரைத் தாழ்வாக எண்ணுவதும் கூடவே வந்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது: மக்கள் பெரும்பாலும் தங்கள் இனத்துக்குள்ளேயே வழிபடுகிறார்கள். ஊர் வழக்கத்தை மதிப்பதற்காகவும், நாலு பேரோடு ஒத்துப்போவதற்காகவும் மதத்தைப் பிடித்திருப்பவர்களிடமே இந்த வெறுப்பு கூடுதலாகத் தெரிந்தது.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரே கட்டடத்தில் தமிழ் ஆராதனை ஒரு நேரம், சீனர் ஆராதனை இன்னொரு நேரம். வாசலில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. மொழிக்காகப் பிரிந்தோம் என்பது உண்மைதான், அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கும் சீனக் கிறிஸ்தவர் பெயர்கூடத் தெரியாமல் இருபது வருஷம் போவதற்கு மொழி காரணமில்லை, எல்லோருக்கும் மலாய் தெரியும்.

சாதி இன்னும் நுணுக்கமானது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி இந்தியாவில் தன் ஊருக்குப் போய் தன் ஆட்களையே கூட்டிவந்தார். பயணச் செலவைப் பிறர் கொடுத்துத் தொழிலாளரைக் கூட்டிவருவதை இந்தியா 1938-இல் தடுக்கும்வரை அது நடந்தது. அதனால் ஊரும் சாதியும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தோடு ஒட்டிக்கொண்டன. இன்று லயங்கள் போய்விட்டன, பால்மரம் (ரப்பர்) இருந்த இடமெல்லாம் செம்பனை. ஆனாலும் சம்பந்தம் பேசும்போது, "தாத்தா இந்தியாவுல எந்த ஊருங்க?" என்ற கேள்வி வரும். முழங்காலில் நின்று ஜெபித்த கையோடு கேட்பார்கள். கேட்கிற அத்தையிடம் சாதி பார்க்கிறீர்களா என்றால் கோபம் வரும். உண்மையிலேயே பார்ப்பதில்லை என்றுதான் அவர் நம்புகிறார்.

ஆய்வுகளை அப்படியே நம்மேல் போட்டுப் பார்க்கவும் முடியாது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பெரும்பான்மை வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களைப் பற்றியவை. மலேசியாவில் 2010 கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் 86.2 விழுக்காட்டினர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. சிறுபான்மைக்குள் சிறுபான்மை. சித்தப்பா வீட்டில் தீபாவளி, நம் வீட்டில் கிறிஸ்துமஸ் என்று பலகாரத் தட்டு போய்வரும் குடும்பம் நம்முடையது. பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு இந்துச் சொந்தங்களும் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார்கள். மத எல்லையில் இவ்வளவு தாராளமாக இருக்கும் அதே குடும்பம் சாதி எல்லையில் இறுகுவதை அந்தக் கேள்வித்தாள்கள் பிடிக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, இளையோர் கூட்டத்துக்கு வருவோம். "எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்தானே?" என்று கேட்காதீர்கள், எல்லாக் கையும் உயரும். நடந்ததைக் கேளுங்கள். போன வருஷம் எந்தச் சீன வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? வீட்டில் வரன் பேசியபோது எந்த ஊர் என்று கேட்டது யார், அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? பெயர் எழுதாத சீட்டில் பதில் வாங்குங்கள். பெரியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள், அதனால் அவர்களை முதலில் தேநீருக்கு அனுப்பிவிடுங்கள்.