ராடு கையில் ஏறும் முன்னும் பின்னும்: வெல்டிங் பயிற்றுநர்கள் கேட்டவை

கேள்வி: இருபது மாணவர்களுக்கு நான்கே மெஷின். காத்திருப்பவர்களை என்ன செய்ய வைப்பது?

சும்மா நிற்கவிட்டால் பாதிப் படிப்பு போய்விடும். மெஷினுக்கு ஐந்து பேராகப் பிரியுங்கள். ஒருவர் வெல்டு அடிக்கட்டும். இன்னொருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆர்க் நீளத்தை, அதாவது ராடு முனைக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கவனிக்கட்டும், 3.15 மி.மீ. ராடுக்கு (உருகி வெல்டாகும் கம்பிக்கு) அது ஏறக்குறைய 3 மி.மீ. இருக்க வேண்டும். மூன்றாமவர் ஆறிய பீடை (ராடு உருகி விட்டுப்போன உலோகக் கோட்டை) பார்த்துக் குறை சொல்லட்டும். மீதி இருவருக்கு மெஷினில் இணைக்காத ஒரு பழைய ஹோல்டர் (ராடைக் கடித்துப் பிடிக்கும் கைப்பிடி) போதும். இரண்டு ராடு தீர்ந்ததும் இடம் மாறட்டும்.

அந்தப் பழைய ஹோல்டரில் பழக வேண்டியது கை இறக்கம். 350 மி.மீ. ராடு 50 மி.மீ. துண்டாவதற்குள் கை 30 செ.மீ. கீழே வந்திருக்க வேண்டும். புதியவர்கள் பக்கவாட்டில் நகர்த்துவார்கள், இறக்க மாட்டார்கள். ஆர்க் நீண்டு பொறி சிதறும், பீடின் ஓரத்தில் பிளேட் அரித்துப் பள்ளமாகும். மேஜை விளிம்பில் 20 செ.மீ. சாக்பீஸ் கோடு போட்டு, அதை ஒட்டியே கை நகர நகர ராடு விளிம்புக்குக் கீழே இறங்கும்படி செய்யச் சொல்லுங்கள். பத்து முறை செய்தால் தோளுக்குப் பழகிவிடும்.

குறை சொல்லப் பழக்க, 6 மி.மீ. பிளேட்டில் 80, 110, 150 ஆம்பியரில் மூன்று பீடு போட்டு, அளவைச் சொல்லாமல் நீட்டுங்கள். கரண்ட் குறைந்தது கயிறு மாதிரி மேலேயே திரண்டு நிற்கும். கூடியது தட்டையாகப் பரவி, சுற்றிலும் பொறி ஒட்டியிருக்கும். பிறகு ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்த டி ஜாயின்ட்டை (ஒரு பிளேட்மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி இணைத்ததை) வைஸில் கடித்து, சுத்தியால் வெல்டு பக்கமாக மடக்கி உடையுங்கள். மேலே அழகாக இருந்த பீடின் அடியில் உருகாத பிளேட் முனை நேர்கோடாகத் தெரிந்தால், அந்த மாணவர் அதை மறக்கவே மாட்டார்.

கேள்வி: ராடு ஒட்டிக்கொண்டால் பயந்து ஹெல்மெட்டைத் தூக்கிவிடுகிறார்கள்.

முதல் நாளே பழக்க வேண்டிய விஷயம் இது. மணிக்கட்டைப் பக்கவாட்டில் வெடுக்கென்று திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். வராவிட்டால் ஹோல்டர் வாயைத் திறந்து ராடை விடுவிக்கலாம். அந்த நொடியில் பொறி பறக்கும், அதனால் ஹெல்மெட் முகத்திலேயே இருக்க வேண்டும். அடிக்கடி ஒட்டினால் கரண்ட் குறைவு, இல்லையேல் ராடில் ஈரம்.

கேள்வி: மாணவருக்கு ராத்திரியில் கண் உறுத்துகிறது. வீட்டில் தாய்ப்பால் விடுகிறார்கள், உருளைக்கிழங்கு வைக்கிறார்கள்.

கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம், கிருமி சேரும். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டதால் வரும் வலி இது. பட்டவுடன் தெரியாது, பல மணி நேரம் கழித்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தும். மூடிய இமைமேல் குளிர்ந்த துணி, இருட்டறை, காலையில் கண் மருத்துவர். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விடவே கூடாது, கருவிழி ஆறாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும்.

பாதிக்கப்படுவது பல நேரம் பக்கத்தில் நின்றவர்தான். பூத்துக்குத் திரை போடுங்கள். சுவரில் பளபளப்பு பெயின்ட் வேண்டாம், கதிர் அதில் பட்டுத் திரும்பும். வெல்டு அடிப்பவருக்கும் கவனிப்பவருக்கும் ஹெல்மெட்டில் 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி.

கேள்வி: மழைக்காலத்தில் ஷாக் அடிக்கிறது என்கிறார்கள்.

ஆர்க் எரியும்போது 20–30 வோல்ட்தான். ராடு மாற்ற நிறுத்தும்போது ஹோல்டரில் 80 வோல்ட் வரை நிற்கும். ஆபத்து அந்த இடைவெளியில்தான். வியர்வையில் ஊறிய கையுறை காப்பாற்றாது. ஆளுக்கு இரண்டு ஜோடி வையுங்கள். காலடியில் காய்ந்த மரப்பலகை போடுங்கள். ஹோல்டரை அக்குளில் இடுக்கும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: அசிட்டிலீன் சிலிண்டர் வண்டியில் படுத்தபடி வந்தது. உடனே திறக்கலாமா?

கூடாது. உள்ளே அசிட்டோன் என்ற திரவத்தில் கரைந்துதான் வாயு இருக்கிறது; உடனே திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். நிமிர்த்திச் சங்கிலி போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ரெகுலேட்டர் அழுத்தம் 1 பார் (bar) அளவைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் அசிட்டிலீன் தானாகவே சிதைந்து வெடிக்கும். வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்காமல், சாவியை அதிலேயே விடுங்கள். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர். ஆக்சிஜன் பக்கம் எண்ணெய்க் கையோடு போகவே கூடாது.