புயலில் ஹாம் ரேடியோ: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஹாம் என்றால் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். நான் அந்த லைசென்ஸ் எடுத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 2018 நவம்பர் கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில் பதினோரு நாள் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தேன். பேரிடர் நேரத்தில் ஹாம்கள் செய்யும் வேலையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். செட் ரிப்பேர் சந்தேகங்களுக்கு மட்டும் நான் ஆள் இல்லை.

கும்பகோணம், கல்லூரி மாணவர்: அண்ணா, டவரெல்லாம் விழுந்தபின் ஹாம் ரேடியோ மட்டும் எப்படி வேலை செய்கிறது?

தம்பி, நீ போனில் பேசும்போது நடுவில் டவர், அதற்குக் கரண்ட், கரண்ட் போனால் டீசல், டவரிலிருந்து ஓடும் கேபிள் என்று பத்து விஷயம் உயிரோடு இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு பேட்டரி, ஒரு செட், ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அதே. நடுவில் வானம்தான்.

கையில் பிடிக்கும் சின்ன செட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஊருக்குள் சில கிலோமீட்டர் போகும், அவ்வளவுதான். மலை மேல் ரிப்பீட்டர், அதாவது கேட்டதை அப்படியே மறுபடி ஒலிபரப்பும் நிலையம், இருந்தால் தூரம் கூடும். ஆனால் ரிப்பீட்டருக்கும் கரண்ட் வேண்டுமே! ஆகவே மாவட்டம் தாண்டிப் பேச 7 மெகாஹெர்ட்ஸ்தான் துணை. அந்த அலை மேலே போய், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. ஆண்டெனாவை எவ்வளவு உயரமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பார்கள். வேதாரண்யத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 300 கிலோமீட்டர். அதற்கு உயரமே வேண்டாம். பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, தரையிலிருந்து நாலைந்து மீட்டர் உயரம். குழாயை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் தண்ணீர் சுற்றிலும் விழுவதுபோல அலை நேரே மேலே போய்ச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். வழக்கமாக இரண்டு தென்னையில் கட்டிவிடுவோம். கஜாவில் தென்னை எங்கே நின்றது? ஒரு முனையைக் கொடிக்கம்பத்திலும் இன்னொன்றை வேப்பமரத்திலும் கட்டினேன். இருட்டியதும் 7 பல நாள் கைகொடுக்காது. அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், கம்பியும் இரண்டு மடங்கு நீளமாகும்.

கம்பி கட்டும்போது மின்கம்பி இருக்கும் பக்கமே போகாதீர்கள். "லைன் செத்துக் கிடக்கிறது சார்" என்பார்கள். தெருக்கோடியில் யாராவது ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் செருகினால் செத்த லைனுக்கு உயிர் வந்துவிடும்.

ஈரோடு, கடைக்காரர்: ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் புயல் நேரத்தில் உதவுமா?

ஹாம் அலைவரிசையில் பேச லைசென்ஸ் வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறை தருகிறது. அதன் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 12 வயது நிறைந்திருந்தால் போதும். தேர்வு உண்டு. கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்தை அனுப்பும் முறை) தேவையில்லை, மேல்நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியவை 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த சக்தி செட்டுகள். குடோனுக்கும் கடைக்கும் பேசலாம், புயலுக்கு ஆகாது.

சேலம்: லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாமா சார்?

மேலே இருக்கிறது.

திருச்சி, புது ஹாம்: அடுத்த புயலுக்கு ரேடியோவோடு நேரே கிளம்பி வந்துவிடட்டுமா?

வராதீர்கள். அழைக்காமல் வருகிறவருக்கும் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம் வேண்டும். முகாமில் அது வேறு யாரோ ஒருவருடையது. இப்போதே உங்கள் மாவட்டப் பேரிடர் பிரிவில் பெயரைக் கொடுத்து வையுங்கள். கூப்பிடும்வரை வீட்டிலிருந்தே காது கொடுங்கள். தூரத்தில் அமைதியான இடத்தில் உட்கார்ந்து செய்தியைச் சரியாக எழுதிக்கொள்கிறவர் களத்தில் நிற்பவரைவிட அதிகம் உதவுகிறார்.

தூத்துக்குடி, ஆசிரியை: 2004 சுனாமியில் அந்தமானில் ஹாம்கள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அது என்ன கதை?

நல்ல கேள்வி, அம்மா. அதற்கு முன் அந்தமானிலிருந்து பல வருடமாக ஹாம் ரேடியோ ஒலிக்கவே இல்லை. அனுமதி கிடைக்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேயர் போனார். அவர் கால்சைன், அதாவது ரேடியோவில் அவருக்கான அடையாளப் பெயர், வி.யு.2ஆர்.பி.ஐ., அங்கே வி.யு.4ஆர்.பி.ஐ. உலகம் முழுக்க ஹாம்கள் அரிதான அந்த வி.யு.4 நிலையத்தோடு பேச வரிசையில் நின்றார்கள். பொழுதுபோக்குதான், மறைக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் தரை ஆடியது. போர்ட் பிளேயரில் போனும் கரண்டும் போயின. ஆனால் ஹோட்டலில் ஆண்டெனா ஏற்கெனவே கட்டியிருந்தது, ஆட்களும் வாரக்கணக்கில் பேசிக் கை பழகியிருந்தார்கள். பொழுதுபோக்கு அன்றே நின்றது. தீவுகளுக்கும் கடல் தாண்டி வெகுதூரம் தள்ளியிருந்த பெருநிலத்துக்கும் இடையே செய்தி போகத் தொடங்கியது. குழுவில் சிலர் பேரடி வாங்கிய கார் நிக்கோபாருக்கும் போனார்கள். போனதில் பெரும்பகுதி "இன்னார் நலமா, இன்னார் நலம்" என்ற செய்திதான். வேறு ஒரு மாதத்தில் சுனாமி வந்திருந்தால் அங்கே ஒரு செட்கூட இருந்திருக்காது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நாமக்கல்: லைசென்ஸுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

ஈரோடு கடைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காரைக்கால்: முகாமில் உட்கார்ந்து அப்படி என்னதான் பேசுவீர்கள்?

பேசுவது கொஞ்சம், எழுதுவது அதிகம். கோடு போட்ட நோட்டு, பென்சில். மழையில் பேனா மை பரவிவிடும். செய்தி வந்த நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, என்ன. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இரைச்சலில் ஏழும் எட்டும் ஒன்றுபோலக் கேட்கும், ஆகவே எண்ணை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பெரிய தலைவலி பெயர். எஸ். முருகன் என்றால் ஒரு முகாமிலேயே நாலு பேர் கை தூக்குவார்கள். இன்ஷியலை நம்பக்கூடாது. அப்பா பெயர் முழுதாக, ஊர், தெரு, வயது எல்லாம் வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். கஜாவின் மூன்றாம் நாள், களைப்பில் ஒரு பட்டியலை இன்ஷியலோடு மட்டும் வாசித்துவிட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்த மகன் "அப்பா முகாமில் பத்திரம்" என்று நிம்மதியாக இருந்துவிட்டார். முகாமில் இருந்தது அதே பெயர்க்காரர் வேறொருவர். இவருடைய அப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடலூர்: இறந்தவர்கள் பெயரையும் இப்படி அனுப்புவீர்களா?

இல்லை. நம் அலையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு மரணத்தைப் பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து வீட்டார் தெரிந்துகொள்ளக் கூடாது. அதை அதிகாரிகள் நேரில் சொல்ல வேண்டும்.

கடலூர், மறுபடியும்: சார், சுனாமியில் என் சித்தப்பாவைத் தேடி நாலு நாள் அலைந்தோம். யாருக்கோ தெரிந்திருந்தது, எங்களுக்குச் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவம் இல்லையா?

உங்கள் நாலு நாளுக்கு எதிராக நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் எனக்கு வரும் பட்டியலை யார் எழுதினார், உடலை யார் பார்த்து அடையாளம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மேலே சொன்ன கால் முறிவுக் கதையைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருப்பவரை நான் சாகடித்திருப்பேன்.

பெங்களூரு, ஹாம்: ஒரு எண் வைத்துக்கொள்ளலாமே? 14 என்றால் மரணம் என்று.

அர்த்தத்தை ஒளிக்கும் சங்கேதம் ஹாம் அலையில் கூடாது. ஹாம்கள் பேச்சைச் சுருக்கப் பயன்படுத்தும் கியூ கோடு வேறு, அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு, உங்கள் 14-இன் அர்த்தம் இரண்டாம் நாளே முகாம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மதுரை, செவிலியர்: ஆஸ்பத்திரியிலும் இதே வழக்கம்தான். போனில் சொல்ல மாட்டோம், "உடனே வாங்க" என்போம்.

நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். "குடும்பத்தாரைத் தாசில்தாரிடம் பேசச் சொல்லவும்" என்று அனுப்புவோம்.

கடலூர்: அந்த வரி வந்தாலே வீட்டில் புரிந்துவிடாதா? பிறகு என்ன மறைப்பு?

புரிந்துவிடும். நீங்கள் சொல்வது சரி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் அந்த வரிக்குப் பிறகு அவர்கள் போய் நிற்பது உடலைப் பார்த்த ஒருவர் முன்னால். என் குரல் முன்னால் இல்லை. அந்த வித்தியாசத்துக்காக இதை விடாமல் இருக்கிறேன்.

கோவை: சாட்டிலைட் இன்டர்நெட் வந்துவிட்டதே, இனி உங்களுக்கு வேலை இருக்குமா?

வரட்டும், நல்லது. அதற்கும் கரண்ட் யார் கொடுப்பது என்று மட்டும் பாருங்கள்.

தஞ்சாவூர்: கார் பேட்டரி ஒன்று போதுமா?

100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது ஒன்று. 25 வாட்டுக்குக் குறையுங்கள், பேச்சைச் சுருக்குங்கள், ஒரு நாள் தாங்கும். அது சார்ஜ் ஏறும் நேரத்துக்கு இரண்டாவது பேட்டரி இருக்கட்டும்.

வேலூர்: லைசென்ஸ் இல்லாமல் வெறுமனே கேட்க மட்டும்...

ஐயா, இன்றைக்கு லைசென்ஸ் கேள்வி போதும்.

ராமநாதபுரம்: ஆண்டெனாவை மின்கம்பத்தில் கட்டலாமா? உறுதியாக நிற்கிறதே.

கூடாது, கூடாது, கூடாது! முதல் பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

ஏழு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் நெட், அதாவது ஹாம்கள் கூடிப் பேசும் நேரம், இருக்கிறது, கிளம்புகிறேன். மிச்சக் கேள்விகள் நாளைக்கு. 73, ஹாம் வழக்கில் வாழ்த்துகள்.