நாய்க்கு முகம் வீங்கினால் மாத்திரையைத் தேடுவதற்கு முன் ஈறைப் பாருங்கள்

"காலையில் நன்றாக இருந்த நாய்க்குச் சாயங்காலம் முகம் வீங்கிவிட்டது. டாக்டர் போய்விட்டார். வீட்டிலிருக்கும் மாத்திரை எதையாவது கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோட்டமோ காலிமனையோ ஒட்டிய வீடு என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வீக்கம் கழுத்துக்குப் பரவினால் பட்டையே மூச்சை நெரிக்கும். பிறகு மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளுப்பு, தள்ளாட்டம், இழுத்து விடும் மூச்சு, அடுத்தடுத்து வாந்தி, பேதி என்று ஒன்று இருந்தாலும் இதற்கு மேல் படிக்காமல் வண்டியை எடுங்கள். ஒவ்வாமை அதிர்ச்சியில் நாய்க்கு முதலில் வருவது பெரும்பாலும் வாந்தியும் பேதியும்தான்; முகம் வீங்காமலேகூட விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: முகம் வீங்காமல் தாடை மட்டும் தொங்கி எச்சில் வடிந்தால் வாய்க்குள் கை விடவே வேண்டாம். அது வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம்.

இரண்டு கண்ணும் உதடும் சேர்ந்து உப்பி, உடம்பில் தடிப்பும் இருந்தால் தேனீ, குளவி, அல்லது அன்று போட்ட தடுப்பூசி. தேனீயின் கொடுக்கு தெரிந்தால் உடனே எடுங்கள். நகத்தால் வழித்தாலும் பிடுங்கினாலும் சரி, வேகம்தான் முக்கியம். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுப் போகாது. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் ஒத்துங்கள். ஒவ்வாமைக்கான செட்டிரிசின் மாத்திரை என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதாவது 10 கிலோ நாய்க்கு ஒரு 10 மில்லிகிராம் மாத்திரை. அதையும் போனில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால் நாய் சரிந்துகொண்டிருக்கும்போது அதனால் பயனில்லை. நாக்கோ தொண்டையோ வீங்கியிருந்தால் வாய்வழியே எதுவும் கூடாது. சளி மாத்திரை என்று விற்கும் கலவைகள், பாராசிட்டமால், டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் இவை நாயைக் கொல்லக்கூடியவை. 'நாங்கள் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று கீழே எழுத வருபவர்கள் தயவுசெய்து வேண்டாம். அதை நம்பி இன்னொருவர் கொடுப்பார்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி, தொட்டால் கத்தினால் பாம்பை நினையுங்கள். நாய் எதையும் மூக்கால்தான் விசாரிக்கும், அதனால் கடி முகத்தில் விழும். முடிக்குள் பல்தடம் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் வீக்கம் ஏறிக்கொண்டே போகும், கடிவாயில் ரத்தம் உறையாமல் கசியும். நல்ல பாம்பு கடித்தாலும் வீங்கலாம், ஆனால் உயிரை எடுப்பது மூச்சுத் தளர்ச்சி. கட்டு விரியன் பெயரில்தான் விரியன், அது வேறு வகை; அதன் கடியில் வீக்கமே அநேகமாக இருக்காது. கட்டுப் போடுவது, கீறுவது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கிளம்பும்போதே போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவர் 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம். உறைந்தால் பாம்பே இல்லை என்று ஆகாது. 'சின்ன நாய்தானே, பாதிக் குப்பி போதும்' என்பதும் தவறு. மருந்தின் அளவு ஏறிய விஷத்துக்குத்தான், நாயின் எடைக்கு அல்ல.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மருந்துக்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைக் கொல்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. விஷம் நம் ஊரிலேயே எடுக்கப்படுகிறது. ஆனால் சிற்றூர்க் கால்நடை மருந்தகத்தில் போய்க் கேட்டால் ஒரு குப்பி இருக்குமா என்பது சந்தேகம்.

வீக்கம் கண்ணுக்கு நேர் கீழே, ஒரே பக்கம், சில நாட்களாக இருந்தால் அது பல். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். வேர் நுனியில் கட்டும் சீழ் அங்கேதான் புடைக்கும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் சில வாரத்தில் திரும்ப வரும். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்து, பல்லைப் பிடுங்கவோ வேர்ச் சிகிச்சை செய்யவோ வேண்டும். பல் பிளப்பது பெரும்பாலும் கால் எலும்பையும் கொம்பையும் கடிப்பதால். கட்டைவிரல் நகம் அழுந்தாத எதையும் மெல்லக் கொடுக்காதீர்கள்.

நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மூக்கும் இமையும் வீங்கிக் கொப்புளம் வந்து, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தால் அது வெறும் கிருமித் தொற்றாக இல்லாமல் நோய் எதிர்ப்புக் கோளாறாக இருக்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டுதான் மருந்து, அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள், முகத்தில் தழும்பு நின்றுவிடும்.