அருகம்புல்லை எடுத்துவிட்டு வேறு புல் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டின் முன்புறம் பல ஆண்டுகளாக அருகம்புல் தரை இருக்கிறது. நடுவில் உள்ள வேப்பமரம் பெரிதாகிவிட்டது. தெற்குப் பக்கத்து மனையில் இரண்டு மாடி வீடும் எழும்பிவிட்டது. மரத்தடியிலும் மதில் ஓரத்திலும் புல் மறைந்து மண் தெரிகிறது. கொரியன் புல் பத்தைகளை வாங்கி, இருக்கும் புல்லின் மேலேயே பதித்துவிடலாம் என்கிறார் தோட்டக்காரர். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மேலேயே பதிக்க வேண்டாம். உங்கள் தோட்டத்தில் புதுப் புல்லை நடுவது சிறிய வேலை; பழைய புல்லை முழுமையாக அகற்றுவதுதான் பெரிய வேலை. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்தும் நம் முன்னோர் இந்தப் புல்லை நன்றாகவே அறிந்திருந்தார்கள். தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டாலும் பரவும் அருகு, மேலே வைத்த பத்தைகளின் இடுக்குகள் வழியாகச் சில மாதங்களில் தலைகாட்டிவிடும். கொரியன் புல் மிக மெதுவாகப் பரவக்கூடியது என்பதால், வெயில் படும் இடங்களில் அதனால் அருகோடு போட்டியிட முடியாது.

எதையும் வாங்குவதற்கு முன் வெயிலை அளந்து பாருங்கள். மேகமில்லாத ஒரு நாளில் மணிக்கொருமுறை, தரையில் எங்கெங்கே நேரடி வெயில் விழுகிறது என்று தாளில் வரைந்து வையுங்கள். இதை டிசம்பரில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்ய வேண்டும். கோவையில் டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்கே நன்கு சாய்ந்திருப்பதால், 30 அடி உயரக் கட்டடத்தின் நிழல் சுமார் 20 அடி வரை வடக்கே, அதாவது உங்கள் மனைக்குள் விழும். ஜூன் நண்பகலிலோ சூரியன் வடக்கே இருப்பதால் அந்த நிழல் உங்கள் பக்கம் வருவதே இல்லை. கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் மார்கழியில் ஏமாந்துபோவதற்கு இதுவே காரணம்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் விழும் பகுதியில் அருகையே விட்டுவிடுங்கள். அங்கே அதைவிடச் சிக்கனமான, உறுதியான புல் வேறில்லை. நான்கைந்து மணி நேரம் வெயில் படும் இடத்துக்குக் கொரியன் புல் ஒத்துவரும். நான்கு மணி நேரத்தை ஒட்டி வெயில் இருக்கும் மதில் ஓரத்துக்கு, அகன்ற, முனை மழுங்கிய இலைகளைக் கொண்ட செயின்ட் அகஸ்டின் புல்லே ஏற்றது. நாற்றுப்பண்ணைகளில் இதைப் பஃபலோ புல் என்று விற்பார்கள். அந்தப் பெயரில் வேறு புல்லும் விற்கப்படுவதால் இலையைப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய இலை வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியலாம்; ஆனால் நிழலைத் தாங்குவதில் நம் வெப்பநிலத்துப் புற்களில் இதுவே முன்னிற்கிறது. வேம்பின் அடியில் அதைவிடக் குறைவான வெயில்தான் விழுகிறது என்றால் அங்கே எந்தப் புல்லையும் வைக்காதீர்கள். சருகையோ மரப்பட்டைத் தூளையோ மூடாக்காகப் பரப்பிவிடுவது மரத்துக்கும் நல்லது.

இனி அகற்றும் முறைக்கு வருவோம். மண்வெட்டியால் கொத்தவோ, சுழல்கலப்பை ஓட்டவோ கூடாது. துண்டான வேர்த்தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் அது தனிச் செடியாக முளைத்துவிடும். மதில் ஓரத்துக்குச் சூரிய வெப்பமூட்டல் நல்ல வழி. தரையை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கோவையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேராக நிற்பதால் அப்போது மதிலின் நிழல் இந்த வேலைக்குத் தடையாக இராது. கோரைக் கிழங்குகள் இதற்கு அடங்குவதில்லை, அவற்றின் கூரிய முளைகள் தாளையே துளைத்துக்கொண்டு வெளிவரும்; அவற்றைக் கையால்தான் தோண்டியெடுக்க வேண்டும். மரத்தின் அருகே தாள் விரிக்க வேண்டாம்: அங்கே வெப்பம் ஏறாது, மேல்வேர்களும் துன்பப்படும். ஈரமான மண்ணைக் கடப்பாரையால் மெல்ல நெம்பிக் கொடுத்து, நிழலில் ஏற்கெனவே நலிந்திருக்கும் அருகைக் கொத்துக்கொத்தாக உருவி எடுத்துவிடலாம்.

கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் வேலை எளிது என்று சிலர் சொல்வார்கள். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. குழந்தைகள் புழங்கும் வீட்டு முற்றத்துக்கு அது தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

தாளை எடுத்த பின் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். மிஞ்சிய அருகு முளைக்கும், அதையும் களையுங்கள். பொறுமையிழந்து இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் பலர். பிறகு, ஜூன் சாரலில், மக்கிய தொழுவுரத்தை ஓர் அங்குலம் பரப்பிக் கலந்து பத்தைகளைப் பதிக்கலாம். செம்மண் லோடு வாங்குவதாக இருந்தால் கோரைக் கிழங்கு கலந்திருக்கிறதா என்று சலித்துப் பாருங்கள். அருகுப் பகுதிக்கும் புதுப் புல்லுக்கும் இடையே அரை அடி ஆழத்தில் செங்கல் வரிசை ஒன்று பதித்து, அதன் மேல் தாவிவரும் தண்டுகளை மாதம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். நிழலில் உள்ள பஃபலோ புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். நிழலில் வாழும் புல்லுக்கு இலைப்பரப்பே உயிர்.

கேள்வி: கடலுக்கு அருகில் குடியிருக்கிறோம். போர் தண்ணீர் உப்பு. கார்பெட் புல் நுனி கருகிக்கொண்டே வருகிறது. எந்தப் புல்லுக்கு மாறலாம்?
– வாசகர், சென்னை

பதில்: கார்பெட் புல் ஈரமான, சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணுக்கு உரியது, உப்பைத் தாங்காது. நல்ல வெயில் இருந்தால் கடலோர உவர்நிலத்தில் இயற்கையாக வளரும் பாஸ்பாலம் வகைப் புல்லையோ அருகையோ வைக்கலாம். ஓரளவு நிழல் இருந்தால் மேலே சொன்ன செயின்ட் அகஸ்டின் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவி இறக்கிய பிறகு நடுங்கள். அதன் பின் தினமும் சிறிது சிறிதாகத் தெளிப்பதை நிறுத்தி, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி பாய்ச்சுங்கள். மேலோட்டமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு வேர்ப்பகுதியிலேயே தங்கிவிடும். புல் வாங்குவதற்கு முன், அரசு மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணோடு பாசன நீரையும் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.