பித்தான் போட மறந்த பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. லேசான அறிவுசார் குறைபாடு என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டிருந்தவன், தங்கை இரண்டாம் வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அதை விட்டுவிட்டான். மழலை பேசுகிறான். ‘மக்கு’ என்று சொந்தக்காரர்கள் சொன்னாலும் சிரிக்கிறான். வாய்க்கால் மண்ணில் மாடு செய்து, ஒரு காலை மட்டும் ஒடித்து, குதிருக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறான். விளையாட்டு வழியாக மனச்சிகிச்சை தரலாம் என்கிறார் டாக்டர். “படிப்பே ஏறாதவனிடம் மனசைப் பற்றி என்ன பேச்சு?” என்கிறார் மாமனார். அழைத்துப் போகட்டுமா?
– ஒரு தாய், நீடாமங்கலம் அருகே

பதில்: அழைத்துப் போங்கள் சகோதரி.

உங்கள் மாமனார் கேட்டதை, மனதில் புதைந்திருப்பதைப் பேச்சிலும் விளையாட்டிலும் புரிந்துகொள்ளும் உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சையைப் படித்தவர்களே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புத்தி கூர்மையாக இருந்தால்தான் இந்தச் சிகிச்சை பலிக்கும் என்று நினைத்தார்கள். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மனச்சிகிச்சையாளராகப் பணியாற்றிய வலேரி சினாசன் அதை ஏற்கவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகிய அனுபவத்தை 1992இல் புத்தகமாக எழுதினார். பிறவியிலேயே வந்த குறை ஒன்று; அந்தக் குறை தரும் வலியைத் தாங்க முடியாமல், இருக்கிற திறமையையும் மறைத்து, இல்லாத அசட்டுத்தனத்தை மேலே போர்த்திக்கொள்வது இன்னொன்று என்றார். எப்போதும் மாறாத அந்தச் சிரிப்பையும் அவர் கவனித்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் பித்தான் விஷயத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தங்கை தன்னைத் தாண்டிப் போவது அவனுக்குத் தெரிகிறது. தெரியாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கற்றதை ஒரு பிள்ளை இழந்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். வலிப்பு, காது கேட்பது, தைராய்டு எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழந்தைக்கு விளையாட்டுதான் பேச்சு என்று 1920களிலேயே உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் சிகிச்சையை அமைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பொம்மைப் பெட்டி. அதை வேறு யாரும் தொடக் கூடாது. வாரந்தோறும் அதே அறை, அதே நேரம், அதே ஆள். அவன் மாட்டின் காலை ஒடித்தால் சிகிச்சையாளர் தடுக்க மாட்டார். “இந்த மாட்டுக்கு நடக்கக் கஷ்டமா இருக்கும்ல” என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். அந்த ஒடிந்த கால் எதைச் சொல்கிறது என்று நீங்களோ நானோ இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

இதனால் கணக்கு வந்துவிடாது, குறையும் போகாது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் சொல்லித் தருவதை நிறுத்தாதீர்கள். உளப்பகுப்பாய்வில் முறையாகப் பயின்றவர் நம் பக்கம் கிடைப்பது அரிது. திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். யாராக இருந்தாலும், மாதக்கணக்கில் பொறுமையாக அவனோடு இருப்பவரா என்று பாருங்கள். சில வாரத்தில் குணமாக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

வீட்டில் ‘மக்கு’ என்ற சொல் இன்றோடு நிற்கட்டும். இதை உங்கள் கணவர் சொன்னால் நல்லது. அவன் சிரித்தால், “அப்படிச் சொன்னது எனக்கே கஷ்டமா இருந்துச்சுடா கண்ணு” என்று பக்கத்தில் உட்காருங்கள்.

குதிருக்குப் பின்னால் கூட்டிப் பெருக்கி அந்த மாடுகளை எறிந்துவிடாதீர்கள். சிகிச்சைக்குப் போகும் முதல் நாள், அவனைக் கேட்டு, சரி என்றால் ஒன்றைத் துணியில் சுற்றி அவன் கையிலேயே கொடுங்கள்.