அறிக்கையில் ‘இன்வேசிவ்’ என்றால் என்ன பொருள்?

புற்றுநோய்ச் செல்கள் பக்கத்துத் திசுக்களுக்குள் நுழைவது பற்றி வந்த கடிதங்களுக்கு, பயாப்சிகளை, அதாவது சோதனைக்காக எடுத்த திசுத் துணுக்குகளை, பரிசோதித்து அறிக்கை எழுதும் திசு நோயியல் மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பில் சிறிய கட்டி இருந்ததால் ஊசி போட்டு பயாப்சி எடுத்தார்கள். அறிக்கையில் ‘இன்வேசிவ் கார்சினோமா’ என்று இருக்கிறது. எங்கள் உறவினர் ஒருவருக்கு ‘இன்-சிட்டு’ என்று வந்து, கீமோ இல்லாமலேயே சிகிச்சை முடிந்துவிட்டது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அம்மாவுக்கு உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பொருளா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தச் சொல்லுக்கு உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பொருள் இல்லை. கட்டி, தான் பிறந்த இடத்தின் வேலியைத் தாண்டியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மற்றப் பரிசோதனைகளே காட்டும்.

அந்த வேலி எது என்று தெரிந்தால் அறிக்கை விளங்கிவிடும். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் பால் சுரப்பிகளிலும் பால் குழாய்களிலும் உட்புறமாக வரிசைகட்டி நிற்கும் செல்களிலிருந்து தொடங்குகிறது. அந்த வரிசைக்கு அடியில், நான்காம் வகைக் கொலாஜன், லாமினின் என்ற புரதங்கள் சேர்ந்து பின்னிய மிக மெல்லிய படலம் இருக்கிறது. அதை அடித்தளச் சவ்வு என்கிறோம். ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தச் சவ்வுக்கு வெளியே உள்ள திசுவில்தான் ஓடுகின்றன. ஆகவே கெட்ட செல்கள் குழாய்க்குள் எவ்வளவு பெருகி அடைத்துக்கொண்டாலும், சவ்வு முழுதாக இருக்கும்வரை அவை வேறு உறுப்புக்குப் போக வழி இல்லை. அந்த நிலைதான் ‘இன்-சிட்டு’. ஓரிடத்தில் சவ்வு அறுந்து சில செல்கள் வெளியே வந்திருந்தாலும், அந்தப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தாலும்கூட, நாங்கள் ‘இன்வேசிவ்’ என்று குறிப்பிட்டாக வேண்டும்.

என் மேசையில் வேலையின் கடினமான பகுதி இந்த எல்லையைப் பார்ப்பதுதான். சாயமேற்றிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால் செல்களின் உட்கருக்கள் ஊதாவாகவும், சுற்றியுள்ள நார்த்திசு இளஞ்சிவப்பாகவும் தெரியும். வேலி உடையாத குழாயின் விளிம்பு வழுவழுப்பாக வளைந்திருக்கும். உடைந்த இடத்தில் செல்கள் இளஞ்சிவப்பு நாருக்குள் இரண்டும் மூன்றுமாகச் சிதறிக் கிடக்கும். சந்தேகம் வந்தால், குழாயைச் சுற்றி வளையமாக நிற்கும் தசைத்தன்மை கொண்ட செல்களுக்கென்று தனிச் சாயம் ஏற்றி, அந்த வளையம் அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயாகத் தேடுவோம். அறிக்கை சில நாட்கள் தாமதமானால், பெரும்பாலும் இந்தத் தேடல்தான் காரணம்.

வேலி உடைவதற்கு முந்தைய காலம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அங்கே 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும், வேலி இன்னும் தாண்டாத கெட்ட செல்கள் இருக்கக்கூடிய இடத்தைக் கண்டறிந்து, அதற்கு உடனே சிகிச்சையளித்தார்கள். ஒரே ஒருமுறை செய்த இந்தச் சோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது என்று 2007-ல் முடிவுகள் வெளிவந்தன.

கேள்வி: செல்லுக்குக் கால் கிடையாது. நெருக்கமாக அடுக்கப்பட்ட திசுவுக்குள் அது எப்படி நகர்கிறது? அந்தத் திறமை அதற்கு எங்கிருந்து வந்தது?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை வியக்கவைப்பது. நகர்வதற்கென்று புற்றுநோய்ச் செல் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நாம் கருவில் இருந்தபோது, தண்டுவடம் உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து புறப்பட்ட செல்கள் வெகுதூரம் ஊர்ந்து சென்றுதான் முகத்து எலும்புகளாகவும் தோலின் நிறமிச் செல்களாகவும் மாறின. முழங்காலில் சிராய்த்துக்கொண்டால், பொருக்குக்கு அடியில் ஓரத்துத் தோல் செல்கள் ஊர்ந்து வந்து புண்ணை மூடுகின்றன. கரு தங்கியதும் நஞ்சுக்கொடியின் செல்கள் தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு, தசையின் உட்புற மூன்றில் ஒரு பங்குவரை போய், அங்குள்ள ரத்தக் குழாய்களை அகலப்படுத்திவிட்டு, அதோடு நின்றுவிடுகின்றன. நாம் பிறந்து வளர்ந்ததே இந்த ஊடுருவலால்தான். புற்றுநோயில் அதே பழைய வித்தை மறுபடி உயிர்பெறுகிறது, ஆனால் நிறுத்தும் கட்டளை வேலை செய்வதில்லை.

முதல் காரியம், பக்கத்துச் செல்லின் பிடியிலிருந்து விடுபடுவது. நம் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசைகளில் முக்கியமானது ஈ-கேதரின் என்ற புரதம். அது ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். மார்பகத்தின் லோபுலார் வகைப் புற்றுநோயில் பெரும்பாலும் இந்தப் பசை காணாமல் போயிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், நார்களுக்கு நடுவே செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்புச் சாரை போலப் போய்க்கொண்டிருக்கும். கட்டியாகத் திரளாததால் கைக்குத் தட்டுப்படுவதும் கடினம். நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இள வயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் வந்துகொண்டிருந்ததற்குக் காரணம், இந்தப் பசைக்கான மரபணுவில் இருந்த பிழைதான் என்று 1998-ல் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு பசையின் குறை ஒரு வம்சத்தையே எப்படிப் பாதித்தது என்று எண்ணிப் பாருங்கள்.

பிடி விட்ட செல் தன் உருவத்தையும் மாற்றிக்கொள்கிறது. எலிசபெத் ஹே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-ல், கண் வில்லையின் மேற்பரப்புச் செல்களைக் கொலாஜன் கூழுக்குள் வைத்தபோது, செங்கல்போல அடுக்கப்பட்டிருந்த அவை கதிர்போல நீண்டு தனித்தனியே ஊரத் தொடங்கியதைக் காட்டினார். ஊர்வது இப்படித்தான்: செல்லுக்குள் ஆக்டின் என்ற புரத இழைகள் முன்பக்கமாக வளர்ந்து செல்லின் உறையைத் தள்ள, ஒரு நாக்கு நீள்வதுபோல முனை நீள்கிறது. அந்த முனையில் இன்டெக்ரின் என்னும் கொக்கிகள் கொலாஜன் நாரைப் பற்றிக்கொள்கின்றன. பிறகு, நம் தசைகள் சுருங்க உதவும் மயோசின் போன்ற புரதமே உடலை முன்னால் இழுக்கிறது, பின்பக்கத்துப் பிடி விடுபடுகிறது. நார் அடர்ந்து வழி மறித்தால், புரதத்தை அறுக்கும் நொதிகளைச் செல் முனையில் வெளியிட்டுப் பாதை வெட்டிக்கொள்கிறது.

செல்லில் எளிதில் நெளியாத பொருள் உட்கரு. மற்ற பாகமெல்லாம் சந்துக்குள் புகுந்துவிடும். உட்கரு புக முடியாவிட்டால் செல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நொதியால் வெட்டினால்தான் சில சந்துகள் வழிவிடும்.

எல்லாச் செல்லும் தனியாகப் போவதில்லை. பல கட்டிகளில் கை கோத்த கூட்டமாகவே நகர்கின்றன. முன்னால் போகும் சில செல்கள் வழிகாட்ட, மற்றவை ஒட்டியபடியே பின்தொடர்கின்றன. கட்டியின் உள்ளே குடியேறிய வெள்ளை அணுக்களும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து அவற்றைக் கூப்பிடுகின்றன. வேகமாக ஊரும் செல்கூட நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர்தான் போகும். பெரும்பாலான செல்கள் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: அந்த நொதிகளைத் தடுத்துவிட்டால் புற்றுநோய் பரவுவதையே நிறுத்தலாமே? மருந்து ஏன் இல்லை?
ஆசிரியர், ஈரோடு

பதில்: இதே எண்ணத்தில் பெருமுயற்சி நடந்தது. 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாபியேர் என்ற ஆய்வாளர்கள், தலைப்பிரட்டையின் வால் எப்படி மறைகிறது என்று ஆராய்ந்தபோது, கொலாஜனை அறுக்கும் நொதியைக் கண்டார்கள். அதே குடும்பத்து நொதிகள் பல புற்றுநோய்களில் மிகுந்திருப்பது பின்னர் தெரிந்தது. அவற்றைத் தடுக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் 1990களில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பலருக்கு மூட்டுகளிலும் தசைகளிலும் கடும் வலி வந்தது.

ஒரு காரணம், நோய் முற்றியவர்களுக்கே அவற்றைக் கொடுத்தது. வேலி உடைந்து வெகுகாலம் ஆனபிறகு வேலி காக்கும் மருந்தால் என்ன செய்ய முடியும்? மேலும், அந்தக் குடும்பத்து நொதிகளில் சில உடலுக்கு நன்மையும் செய்கின்றன. மூன்றாவதாக, நொதிகளைத் தடுத்துவிட்டால் சில செல்கள் அமீபாவைப்போல உருண்டு நெளிந்து, நாரை வெட்டாமல் சந்துகள் வழியாகவே புகுந்துவிடுகின்றன என்பது 2003-ல் ஆய்வகத்தில் தெரியவந்தது. ஒரு வழியை அடைத்தால் மறு வழி தேடும் இந்தக் குணத்தை அறிந்ததே அந்தத் தோல்வியின் பயன் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என் அத்தை அதற்குப் பயந்து பயாப்சிக்கு வர மறுக்கிறார்.
வாசகர், விழுப்புரம்

பதில்: அத்தையிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். ஊசி போன பாதையில் சில செல்கள் சிந்துவது உண்மை. ஆனால் சிந்திய செல் பிழைத்து வளர்வது அரிது. 1970-ல் ஐசையா ஃபிட்லர் என்ற புற்றுநோய் ஆய்வாளர், கதிரியக்கக் குறியிட்ட புற்றுநோய்ச் செல்களை எலிகளின் ரத்தத்தில் நேரடியாகவே செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 1889-லேயே ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எல்லாத் திசையிலும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று விளக்கினார்.

விதைப்பை, கல்லீரல் போன்ற சில இடங்களிலும், தசைகளில் வரும் சார்கோமா என்ற புற்றுநோயிலும் மருத்துவர்கள் கூடுதல் கவனம் எடுத்து, ஊசி போகும் பாதையை முன்கூட்டியே திட்டமிடுவார்கள். விதைப்பையில் ஊசியையே தவிர்ப்பார்கள். மற்றபடி இந்தப் பயம் எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. மிகவும் தாமதமாக வந்தவருக்கு அறுவை செய்து, சில மாதங்களில் அவர் இறந்துபோனால், குடும்பம் கத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். நோய் ஏற்கெனவே பரவியிருந்ததை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

கேள்வி: என் கணவருக்கு நாக்கின் ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் புண், பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. புகையிலை போடும் பழக்கம் உண்டு. கழுத்தில் நெறி எதுவும் கட்டவில்லை, ஸ்கேனிலும் இல்லை. இருந்தும் நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் திறந்து நிணநீர் முடிச்சுகளை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இது தேவையா?
வாசகி, பரமக்குடி

பதில்: தேவை என்றே நானும் சொல்வேன். நாக்குப் புண்ணில் அகலத்தைவிட ஆழம் முக்கியம். பக்கத்தில் உள்ள, நோயில்லாத நாக்கின் மேற்பரப்புக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வை மட்டமாக வைத்து, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல அங்கிருந்து செங்குத்தாகக் கீழே, செல்கள் இறங்கிய கடைசி இடம்வரை அளக்கிறோம். தங்கள் கணவரின் புண் ஒன்றரை சென்டிமீட்டர்தான் என்றாலும், ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், இப்போதைய தரவரிசையில் அது முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்குப் போய்விடும். நாக்கின் தசை நார்கள் பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதாலும், நிணநீர்க் குழாய்கள் நிறைய இருப்பதாலும், இறங்கிய செல்லுக்கு அங்கே தடை குறைவு. கழுத்து முடிச்சில் ஒரு சிறு கூட்டமாக அவை தங்கியிருந்தால் கைக்கும் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தங்கள் கணவரைப் போன்ற சுமார் 500 நோயாளிகளிடம் இந்தக் கேள்வியையே சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முதலிலேயே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தார்கள். நெறி கட்டிய பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம்.

கழுத்து அறுவைக்குப் பிறகு சிலருக்குத் தோள்பட்டையைத் தூக்கச் சிரமம் ஏற்படும், ஏனெனில் தோளை உயர்த்தும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. அந்த நரம்பைக் காப்பாற்ற முடியுமா, தோள்பட்டைப் பயிற்சியை எந்த நாளில் தொடங்க வேண்டும் என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புகையிலையை அவர் இன்றே விட வேண்டும்.