ஆய்வகத்தில் வளரும் தாவர செல்கள் களைக்கொல்லிக்குப் பழகிவிடுமா?

களைக்கொல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் குடுவையில் வளரும் செல்கள் அதற்குப் பழகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழகுவதில்லை, பொறுக்கியெடுக்கப்படுகின்றன. குடுவையில் இருக்கும் லட்சக்கணக்கான செல்கள் ஒரே செடியிலிருந்து வந்திருந்தாலும், அவை பிரிந்து பெருகும்போது மரபணுக்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்துகொண்டேதான் இருக்கும், திசு வளர்ப்பில் இது இன்னும் அதிகம். மருந்து பட்டதும் மற்றவை செத்துப்போகும், தாங்கும் மாற்றம் உள்ள ஒன்றிரண்டு மட்டும் பெருகி குடுவையை நிரப்பிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் பெட்டூனியா. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்கித்தான் அதைக் கொல்கிறது. 1980களில் மான்சான்டோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பெட்டூனியா செல்களுக்கு அளவைப் படிப்படியாக ஏற்றி, தாங்கி நின்றவற்றை எடுத்துப் பார்த்தால், அந்த நொதி வழக்கத்தைவிட 15 முதல் 20 மடங்கு இருந்தது. நொதி அதே நொதிதான், கிளைபோசேட்டும் அதை வழக்கம்போல முடக்குகிறது, ஆனால் அதற்கான மரபணு பல நகல்களாகப் பெருகிவிட்டதால் முடக்கியது போகவும் வேலைக்கு மிச்சம் இருக்கிறது! குதிரைமசால் செல்களிலும், வேறொரு களைக்கொல்லிக்கு எதிராக, இதே மாதிரி நகல் பெருகியதை 1984லேயே கண்டார்கள்.

இன்னொரு வழி, நொதியே மாறிவிடுவது. அதே 1984இல் டூபான்ட் நிறுவன ஆய்வாளர்கள் சல்ஃபோனைல்யூரியா வகை களைக்கொல்லியைத் தாங்கும் புகையிலை செல்களைத் தேர்ந்தெடுத்து முழுச் செடியாக வளர்த்தார்கள். ஒரே மரபணுவில் வந்த மாற்றம், அந்த மருந்து தான் முடக்க வேண்டிய நொதியில் சரியாக ஒட்டவில்லை, விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போனது.

சரி, தற்காலிகமாகத் தாங்குவதே கிடையாதா என்றால், உண்டு. அதனால்தான் மருந்தில்லாத வளர்ப்பு ஊடகத்தில் சில மாதங்கள் வளர்த்துவிட்டு மறுபடி மருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், அப்போது சாகிறதென்றால் அது நிலையான மாற்றம் இல்லை. செல்லில் தெரிந்த தாங்கும் திறன் முழுச் செடியில் இல்லாமல் போவதும் உண்டு, ஆகவே செடியாக்கிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இதெல்லாம் குடுவைக்குள் நடக்கும் விஷயம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில், நம் தண்டுக்கீரைக்கு உறவான பாமர் அமராந்த் என்ற களை கிளைபோசேட்டுக்குச் சாகாமல் நின்றதை ஆராய்ந்தபோது, பெட்டூனியா செல்களில் பெருகிய அதே மரபணு சில செடிகளில் 100 மடங்குக்கும் மேல் பெருகியிருந்ததை 2010இல் வெளியிட்டார்கள்.